துருத்திக்கு உயிர் கொடுத்த ஜோ கூலி

1973-ம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ந் தேதி.

அயர்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியில், கால்வே மாவட்டத்தில், பீட்டர்ஸ்வெல் என்று ஒரு சின்னஞ்சிறு கிராமம். அங்கே லாஹிஃப் மதுக்கடையில் அன்று நிற்க இடம் இல்லை. அவ்வளவு கூட்டம்.

அயர்லாந்துக் கிராமங்களில் மதுக்கடை என்பது குடிப்பதற்கு மட்டும் உள்ள இடம் அல்ல. அது ஊர்ச் சாவடி மாதிரி. ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான். பாட்டுக் கேட்பதும் அங்கேதான்.

கூட்டத்துக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு அக்கார்டியன் பெட்டி. கூடவே அவருடைய சகோதரர் ஜாக். அவர் கையில் ஆட்டுத்தோல் கட்டிய, பெரிய கஞ்சிரா போன்ற ஒரு கொட்டு. டெஸ் மல்கேர் என்பவர் பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியத்துடன் இருந்தார்.

பெட்டி வாசித்தவரின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 50 வயதுகூட அவருக்கு நிறையவில்லை. இன்னும் ஒரு மாதம்கூட அவர் உயிரோடு இருக்கப்போவதில்லை.

ஆனால், அவர் கையில் பெட்டி விரிந்து சுருங்கியபோது, நோயாளி வாசிக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கேட்டவர்கள் வாய்விட்டுக் கூவினார்கள். அந்த ஆரவாரம் ஒலிநாடாவில் பதிவாகி, இன்றும் கேட்கிறது.

அவர் பெயர் ஜோ கூலி.

அயர்லாந்தில் அது ஒரு குடும்பப் பெயர். தமிழ்க் காதுக்கு அது வேறு பொருளில் கேட்கும். அந்தப் பொருளும் அவருக்குப் பொருந்தத்தான் செய்தது. கட்டிட வேலை செய்து வயிறு வளர்த்தவர் அவர். பகலில் கல்லும் மண்ணும். இரவில் பாட்டும் கூத்தும். இதுதான் அவர் வாழ்க்கை.

பெரிய பள்ளிக்கூடத்தில் அவர் சங்கீதம் படித்ததில்லை. பெரிய மேடைகளைத் தேடி ஓடியதில்லை. ஆனாலும், அக்கார்டியனில் காற்றை எப்படி ஆளவேண்டும் என்பதற்கு இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அப்பாவும் அம்மாவும் வாசித்த வீடு

ஜோ கூலி பிறந்தது 1924-ம் ஆண்டு. ஊர், அதே பீட்டர்ஸ்வெல்.

அவருடைய தந்தையும் வாசிப்பார். தாயும் வாசிப்பார். இருவருடைய வாத்தியமும் மெலோடியன். அது அக்கார்டியனின் தங்கை போன்றது. ஒரே வரிசைப் பொத்தான்கள் கொண்ட சின்னப் பெட்டி. அண்ணன் தம்பிகளும் இசையிலேயே ஊறி வளர்ந்தார்கள். சகோதரர் சேமஸ் புல்லாங்குழல் வாசிப்பதில் பேர் வாங்கினார்.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நடனம் நடந்த இடம் எது தெரியுமா? வீட்டு அடுப்படி!

கல் பாவிய தரை. மேசை நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிடுவார்கள். மூலையில் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பார். அக்கம் பக்கத்து ஜனங்கள் எல்லாம் வந்து ஆடுவார்கள். ஒலிபெருக்கி கிடையாது. எத்தனை கால்கள் தரையில் தட்டினாலும், அந்தச் சத்தத்தை மீறி வாத்தியம் கேட்கவேண்டும்.

அதற்கு ஏற்ற வாத்தியமாக வந்து சேர்ந்தது இந்தக் காற்றுப்பெட்டி. ஒரே ஆள் வாசித்தால் போதும், வீடு முழுவதும் கேட்கும். குழல்கள் பூட்டிய பழைய அயர்லாந்துப் பைவாத்தியத்துக்கு விலை அதிகம். சுருதி சேர்ப்பதும் கஷ்டம். பெட்டியோ மலிவு. ஏழைகள் வாங்கினார்கள்.

அக்கார்டியன் அயர்லாந்தில் பிறந்தது அல்ல. 1829-ம் ஆண்டு வியன்னா நகரில் சிரில் டெமியன் என்பவர் அந்தப் பெயரில் ஒரு கருவிக்கு உரிமை பெற்றார். அதற்குப் பிறகு அது ஐரோப்பா முழுவதும் பரவியது. கடல் தாண்டி அயர்லாந்துக்கும் போயிற்று.

1935-ம் ஆண்டில் அயர்லாந்து அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. லைசென்ஸ் இல்லாமல் பொது நடனம் நடத்தக் கூடாது என்பது சட்டம். வீட்டு நடனத்துக்கும் அது இடைஞ்சலாக முடிந்தது. பாதிரிமாரும் போலீசும் பல இடங்களில் வீட்டு நடனத்தை நிறுத்தினார்கள். ஜோவுக்கு அப்போது 11 வயது.

அடுப்படியில் ஆடிய கூட்டம் கொட்டகைக்குப் போயிற்று. கொட்டகையில் ஒருவர் வாசித்தால் போதாது. எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்த குழுக்கள் தோன்றின. பழைய பாணிகள் மெல்ல மெல்லத் தேய ஆரம்பித்தன.

ஆனால், ஜோ கூலியின் காதில் விழுந்து மனதில் பதிந்தது அந்த அடுப்படி இசைதான். சாகும் வரையில் அவர் கை அதை மறக்கவில்லை.

ஒரு பொத்தான், இரண்டு சுரம்

இந்த வாத்தியத்தில் அப்படி என்ன விசேஷம்?

ஆர்மோனியத்தைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். நாடகக் கொட்டகையில் கேட்டிருப்பார்கள். ஒரு கை துருத்தியை அசைக்கும். மறு கை கட்டைகளை அழுத்தும். உள்ளே உள்ள ரீடு என்னும் மெல்லிய உலோக நாக்கு காற்றில் அதிர்ந்து ஒலிக்கும்.

அக்கார்டியனும் அதே குடும்பம்தான். உள்ளே அதே மாதிரி ரீடு. நடுவே மடிப்பு மடிப்பாகத் துருத்தி. ஆனால், ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு.

ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம். அயர்லாந்துக்காரர்கள் வாசிக்கும் பொத்தான் அக்கார்டியனில் ஒரு பொத்தானுக்கு இரண்டு சுரம்! துருத்தியை அமுக்கினால் ஒரு சுரம். அதே பொத்தானை விடாமல் துருத்தியை இழுத்தால் வேறு சுரம்.

நாலு பொத்தான்களை எடுத்துக்கொள்வோம். முதல் பொத்தானில் அமுக்கினால் ச, இழுத்தால் ரி. இரண்டாவதில் அமுக்கினால் க, இழுத்தால் ம. மூன்றாவதில் அமுக்கினால் ப, இழுத்தால் த. நாலாவதில் மட்டும் வரிசை மாறும். அமுக்கினால் மேல் ச, இழுத்தால் நி.

நாலே பொத்தானில் எட்டுச் சுரமும் முடிந்துவிட்டது.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. வாசித்துப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ச-வில் தொடங்கி மேல் ச வரை ஏறுவதற்குள் துருத்தியின் திசையை 6 தடவை மாற்றவேண்டும். அமுக்கு, இழு, அமுக்கு, இழு, அமுக்கு, இழு. நி-க்கு மட்டும் மாற்றம் இல்லை. மறுபடி அமுக்கு.

அயர்லாந்தில் ரீல் என்று ஒரு நடன இசை உண்டு. ஓட்டமான இசை. வேகமாக வாசித்தால் ஒரு விநாடிக்கு ஏழெட்டுச் சுரங்கள் ஓடும். அவ்வளவு வேகத்தில் துருத்தி முன்னும் பின்னும் போய் வரவேண்டும். ஒரு கணம் பிந்தினால், ச வரவேண்டிய இடத்தில் ரி வந்து நிற்கும். ஆடுகிறவர் கால் தடுமாறும்.

விரல் செய்யாத வேலை

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் விரலைத்தான் கவனிப்பார்கள். எந்தப் பொத்தானில் எந்தச் சுரம் என்று பார்ப்பார்கள். அது தவறு இல்லை. ஆனால், அதோடு நின்றுவிட்டால் இசை வராது. வெறும் சத்தம்தான் வரும்.

காரணம் என்ன?

பொத்தானை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஒலி கூடாது. பொத்தான் ஒரு கதவு. திறக்கும், மூடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி. எந்தச் சுரத்தைத் தூக்கிக் காட்டவேண்டும், எதைத் தாழ்த்தவேண்டும் என்பதை முடிவு செய்வது, துருத்தியை அசைக்கும் இடது கை.

மனிதனுக்கு மூச்சு எப்படியோ, பெட்டிக்குத் துருத்தி அப்படி. பாட்டுக்காரன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்பதை வைத்தே அவன் தேர்ந்தவனா, இல்லையா என்று சொல்லிவிடலாம். இங்கேயும் அப்படித்தான்.

கற்றுக்கொள்கிறவர்கள் செய்யும் முதல் பிழை, துருத்தியை அகலமாக விரித்துவிடுவது. அகல விரித்தால் கை களைத்துப்போகும். திரும்பி வருவதற்கு நேரம் ஆகும். அடுத்த சுரம் பிந்தும். தேர்ந்தவர்கள் சின்ன அசைவிலேயே காரியத்தை முடிப்பார்கள். பார்த்தால் பெட்டி அதிகம் விரிவது போலவே தெரியாது.

இரண்டாவது பிழை, காற்றுக் கணக்கை மறப்பது.

ச, க, ப மூன்றும் அமுக்கும் சுரங்கள். ஒரு பாட்டில் இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தால் துருத்தி சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் உள்ளே காற்று இராது. பாட்டு நடுவழியில் நின்றுவிடும். ரி, ம, த, நி அதிகம் வந்தால் இதற்கு நேர் எதிர். துருத்தி விரிந்துகொண்டே போய், மேலே இழுக்க இடம் இராது.

இதற்குத்தான் இடது கைக் கட்டை விரலின் கீழே ஒரு தனிப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்குச் சுரம் கிடையாது. அது காற்றுக்கு மட்டும் வழி விடும் கதவு. இழுக்கும் சுரம் வரும்போது கட்டை விரலால் அதைக் கொஞ்சம் திறந்தால் கூடுதலாகக் காற்றை உள்ளே வாங்கிக்கொள்ளலாம். அமுக்கும் சுரம் வரும்போது திறந்தால், மிஞ்சிய காற்றை வெளியே விட்டுவிடலாம். இதைப் பாட்டு நிற்காமல், கேட்கிறவருக்குத் தெரியாமல் செய்யவேண்டும்.

பத்து வருஷம் வாசித்தவர்களுக்கும் இதில் அடி சறுக்குவது உண்டு. விரல் பாடம் ஒரு வருஷத்தில் வந்துவிடலாம். துருத்திப் பாடம் அப்படி வருவதில்லை.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர்கள் பார்த்தார்கள். கேட்டார்கள். பெரியவர்கள் கீழே வைத்த பெட்டியை எடுத்துத் தடவிப் பார்த்தார்கள். ஆடுகிறவர் காலையும், வாசிக்கிறவர் தோளையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒன்று என்று புரிந்துகொண்டார்கள். அப்பா அம்மா இருவருமே வாசித்த வீட்டில் வளர்ந்த ஜோவுக்கு அந்தப் பாடம் தாய்மொழி மாதிரி வந்தது.

டூலா குழுவில்

வாலிபரான பிறகு ஜோ கூலி பிழைப்புக்காக டப்ளின் நகருக்குப் போனார். கட்டிட வேலை. அங்கும் இரவானால் வாத்தியக்காரர்கள் கூடும் இடத்தில் அவர் இருப்பார்.

பிறகு கால்வேக்குத் தெற்கே உள்ள கிளேர் மாவட்டத்தில் பல காலம் திரிந்தார். ஜோ லியரி என்ற பிடில்காரர் அவருக்கு உற்ற தோழர். ஒரு பிடில், ஒரு பெட்டி. இந்த இரண்டும் வந்தால் அந்த ஊரில் அன்று தூக்கம் இல்லை.

1946-ம் ஆண்டில் கிளேர் மாவட்டத்தில் டூலா என்ற ஊரின் பெயரில் ஒரு நடன இசைக் குழு தோன்றியது. டூலா கேலி பேண்டு என்று அதற்குப் பெயர். கேலி என்றால் அயர்லாந்து மொழியில் நடனக் கூட்டம். பாடி கேனி, பி.ஜே. ஹேஸ் என்ற இரண்டு பிடில்காரர்கள் அதன் தூண்கள். பிற்காலத்தில் அயர்லாந்து முழுவதும் புகழ் பெற்ற குழு அது. அதன் ஆரம்ப காலத்தில் அக்கார்டியன் வாசித்தவர்களில் ஜோ கூலியும் ஒருவர்.

கிளேர் மாவட்டத்தின் தலைநகர் என்னிஸ். அங்கே மக்மஹன் என்ற குடும்பத்தின் வீட்டுக்கு ஜோ அடிக்கடி போவார். அந்த வீட்டில் டோனி என்று ஒரு சிறுவன் இருந்தான். ஜோ வாசிப்பதை அவன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்தச் சிறுவன் வளர்ந்து பெரிய அக்கார்டியன் கலைஞன் ஆனான். தன் இசைக்கு வித்திட்டவர் ஜோ கூலிதான் என்று கடைசி வரை சொல்லிவந்தான். ஜோவின் கதையில் அவன் மறுபடியும் வருவான்.

பாணி மாறியது

1950-களில் ஒரு மாற்றம் வந்தது.

ஜோ வாசித்த பெட்டியில் பொத்தான்கள் இரண்டு வரிசை. இரண்டு வரிசைக்கும் அரைச் சுரம் வித்தியாசம். ஜோவின் விரல்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் ஓடும். அந்த வரிசையில் இல்லாத சுரத்துக்கு மட்டும் மற்ற வரிசையைத் தொடும். ஆகவே துருத்தி ஓயாமல் திசை மாறும். அமுக்கி இழுக்கும் பாணி என்று இதற்குப் பெயர்.

டிப்பெராரி மாவட்டத்தில் நீனா ஊர்ப் பக்கத்தில் பாடி ஓ'பிரையன் என்று ஒருவர் இருந்தார். மகா கெட்டிக்காரர். அவர் வேறு சுருதியில் அமைந்த இரட்டை வரிசைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். இரண்டு வரிசைகளிலும் விரல்களைத் தாராளமாக ஓடவிட்டார். பிடிலில் வரும் நுணுக்கமான அசைவுகளை எல்லாம் பெட்டியில் கொண்டுவந்தார்.

அந்தப் பெட்டியில் அதே எட்டுச் சுரத்தை ஏறுவதற்குத் துருத்தி 2 தடவை திரும்பினால் போதும். பழைய பாணியில் 6 தடவை! ஓசை வழவழப்பாக ஓடியது. கேட்டவர்கள் மயங்கினார்கள். நாடு முழுவதும் இளைஞர்கள் புதிய பாணிக்குத் தாவினார்கள். அமுக்கி இழுக்கும் பாணி கிராமியம், கரடுமுரடு, பழசு என்று பலர் ஒதுக்கினார்கள்.

புதிய பாணி மட்டம் அல்ல. அது பெரிய சாதனை. ஆனால், ஒன்று வந்தபோது மற்றொன்று போயிற்று.

துருத்தி ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஒலியில் ஒரு சின்ன வெட்டு விழும். ஒரு சின்ன உதை கிடைக்கும். அந்த உதைதான் ஆடுகிறவன் காலைத் தூக்கிவிடுவது. தவறாக வாசித்தால் அது விக்கல். சரியாக வாசித்தால் அது நாடித் துடிப்பு.

ஜோ கூலியின் கையில் அது நாடித் துடிப்பாக இருந்தது. அவர் அதிகம் சோடித்து வாசிக்கவில்லை. வேகத்தைக் காட்டி மிரட்டவில்லை. இந்தத் துடிப்பை மட்டும் விடவே இல்லை. ஊரெல்லாம் பாணி மாறியபோதும் அவர் மாறவில்லை.

கடல் கடந்தார்

1950-களில் அயர்லாந்தில் வேலை இல்லாத் திண்டாட்டம். இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பினார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் மட்டும் நாடு இழந்த மக்கள் தொகை ஏறத்தாழ 4 லட்சம். மொத்த ஜனத்தொகையே 30 லட்சத்துக்குள்தான் இருந்தது.

1954-ம் ஆண்டு ஜோ கூலியும் கப்பல் ஏறும் கூட்டத்தில் சேர்ந்தார். அமெரிக்கா போனார்.

நியூயார்க், பாஸ்டன், சிகாகோ என்று ஊர் ஊராக வாழ்ந்தார். கடைசியில் மேற்குக் கடற்கரையில் சான்பிரான்சிஸ்கோ. பகலில் வேலை, இரவில் வாசிப்பு. சிகாகோவில் தன் பெயரில் ஒரு குழு நடத்தினார். அங்கே சகோதரர் சேமசின் புல்லாங்குழலும் துணை இருந்தது.

பிறந்த மண்ணை விட்டு வந்த அயர்லாந்துக்காரர்கள் அவர் வாசிப்பைக் கேட்க வந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் நடன இசை அல்ல. விட்டு வந்த வீட்டின் அடுப்படி அது.

சான்பிரான்சிஸ்கோவில் ஒரு அதிசயம் நடந்தது. 1960-களின் பிற்பகுதியில் அந்த நகரம் நீள முடி வளர்த்த இளைஞர்களால் நிறைந்திருந்தது. மின்சாரக் கிட்டார் முழங்கிய காலம் அது. அந்த இளைஞர்களில் சிலர் நடுத்தர வயதுக் கட்டிடத் தொழிலாளி ஒருவரைத் தேடி வந்தார்கள். அவரிடம் அயர்லாந்து இசை கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலருக்கு அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்பதே புதிது.

இத்தனை இருந்தும் ஒரு குறை. தனக்கென்று ஒரு நீள இசைத்தட்டுகூட அவர் வெளியிடவில்லை. நேரில் கேட்டவர்களுக்குத்தான் அவர் அருமை தெரியும். அவர் போய்விட்டால் அந்தத் துருத்தி மூச்சும் அவரோடு போய்விடும் என்ற நிலை.

திரும்பி வந்தார்

1972-ம் ஆண்டு ஜோ கூலி அயர்லாந்து திரும்பினார்.

18 ஆண்டுகளில் நாடு மாறியிருந்தது. அவர் கிளம்பியபோது கிராமத்து இசையைக் கேட்க ஆள் குறைந்துகொண்டிருந்தது. திரும்பியபோது அதே இசைக்கு இளைஞர்கள் மொய்த்தார்கள். 1951-ம் ஆண்டு மல்லிங்கர் நகரில் தொடங்கிய ஒரு சங்கம் ஆண்டுதோறும் இசை விழா நடத்தி, பழைய இசைக்கு ஊர் ஊராக ஆள் சேர்த்திருந்தது. புதிய குழுக்கள் தோன்றியிருந்தன. கரடுமுரடு என்று ஒதுக்கிய பாணியின் அருமை இப்போது பலருக்குத் தெரிந்திருந்தது.

ஜோ வாசிக்கிறார் என்றால் கூட்டம் கூடியது. ஆனால் விதி சிரித்தது. காலம் அவரைத் தேடி வந்தபோது அவருக்குக் காலம் இல்லை. நோய் முற்றிவிட்டது.

இங்கேதான் அந்தப் பழைய சிறுவன் மறுபடி வருகிறான். என்னிஸ் வீட்டில் கண் கொட்டாமல் பார்த்த டோனி மக்மஹன் இப்போது 34 வயதுக்காரர். நாட்டில் பேர் பெற்ற கலைஞர். தன் குருவின் இசை காற்றோடு போய்விடக் கூடாது என்று துடித்தவர்களில் அவர் முதல்வர்.

அப்படித்தான் அந்த நவம்பர் 29-ந் தேதி, ஜோ பிறந்த ஊரிலேயே, லாஹிஃப் மதுக்கடையில் ஒலிப்பதிவு நடந்தது. பதிவு செய்வதற்கென்று உள்ள ஸ்டுடியோ அல்ல. கண்ணாடித் தடுப்பு இல்லை. ஜனங்களின் பேச்சு, சிரிப்பு, கூவல், காலால் தட்டும் ஓசை எல்லாம் சேர்ந்தே பதிவாயின. ஜோ கூலியின் இசை பிறந்ததே அந்த மாதிரிச் சத்தத்துக்கு நடுவேதான். அது முடிந்ததும் அங்கேயே.

அந்தப் பதிவைக் கேட்டால் ஒன்று புரியும். மரணம் பக்கத்தில் நின்ற அந்த நேரத்திலும் இடது கை தளரவில்லை. திருப்பம் ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி விழுகிறது. காற்று எங்கும் வீணாகவில்லை. எங்கும் குறையவும் இல்லை.

1973 டிசம்பர் மாதம் ஜோ கூலி இறந்தார்.

பெட்டி நின்றாலும்

1975-ம் ஆண்டு கேல் லின் நிறுவனம் ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. லாஹிஃப் கடைப் பதிவும், வேறு இடங்களில் கிடைத்த பதிவுகளும் அதில் இருந்தன. இசைத்தட்டின் பெயர் கூலி. அவ்வளவுதான். வேறு பெயர் தேவைப்படவில்லை.

உயிரோடு இருந்தபோது வராத இசைத்தட்டு, இறந்து இரண்டு ஆண்டு கழித்து வந்தது. கேட்காதவர்கள் கேட்டார்கள். புதிய பாணியில் வளர்ந்த இளைஞர்கள், பழைய பாணியில் இத்தனை உயிர் இருக்கிறதா என்று வியந்தார்கள். அதே 1970-களில் கார்க் மாவட்டத்து ஜாக்கி டேலி போன்றவர்களும் அமுக்கி இழுக்கும் பாணியில் வாசித்துப் புகழ் பெற்றார்கள். செத்துப்போகும் என்று நினைத்த பாணி பிழைத்துக்கொண்டது. இன்று இரண்டு பாணிகளும் அயர்லாந்தில் அருகருகே வாழ்கின்றன. படிக்க வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள்.

டோனி மக்மஹன் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிகழ்ச்சிகள் தயாரித்து, பழைய கலைஞர்களை நாட்டுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் 2021-ம் ஆண்டு காலமானார்.

ஜோவின் பெயரில் ஒரு ரீல் இருக்கிறது. அயர்லாந்து இசை வாசிக்கும் எந்த ஊருக்குப் போனாலும் அதைக் கேட்கலாம். டப்ளினிலும் வாசிக்கிறார்கள். நியூயார்க்கிலும் வாசிக்கிறார்கள். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே அதைச் சொல்லிக் கொடுப்பது வழக்கம்.

பிள்ளைகள் முதலில் பொத்தான்களைப் பார்த்து, விரல்களை எண்ணி எண்ணி அதை வாசிப்பார்கள். துருத்தியை அகல விரிப்பார்கள். பாதியில் காற்றுத் தீர்ந்துபோகும். பாட்டு நிற்கும். கட்டை விரலால் காற்றுக் கதவைத் திறந்து, மறுபடி முதலில் இருந்து தொடங்குவார்கள்.

இன்னும் சில காலம் போனால் துருத்தியின் அசைவு சிறுத்துவிடும். கண் பொத்தானைத் தேடாது. அமுக்குவதும் இழுப்பதும் மூச்சு விடுவது போல ஆகிவிடும். கேட்கிறவர் கால் தானாகத் தரையில் தட்டும்.

பீட்டர்ஸ்வெல் கிராமத்துக் கட்டிடத் தொழிலாளி, தன் அப்பாவிடமும் அம்மாவிடமும் கண்டு கற்ற பாடம் அதுதான்.